வி2 அனுப்பும் அவசரக்காரர்களுக்கு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு நான் முதன்முதலில் அனுப்பியது ஒரு வெப்பநிலை சென்சாரின் டிரைவர். மெயிலில் மூன்று பேட்ச், அதாவது மூன்று கோடு மாற்றங்கள்: முதலில் டிவைஸ் ட்ரீ பைண்டிங் (சிப்பைக் கெர்னலுக்கு எப்படி விவரிப்பது என்று சொல்லும் கோப்பு), அடுத்து டிரைவர், கடைசியாக எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் என் பெயரைச் சேர்க்கும் சில வரிகள். ராத்திரி ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு ஒருவர் பைண்டிங்கில் இரண்டு குறை சொல்லி எழுதியிருந்தார். பதினொன்றரைக்கு என் வி2, அதாவது திருத்திய இரண்டாம் பதிப்பு, கிளம்பிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் இரண்டு பேர் வி1-ஐ வரிவரியாகப் படித்துக் கருத்து எழுதியிருக்கிறார்கள். நான் தூங்கும் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். குளித்துவிட்டு வந்து வி3 அனுப்பினேன். சனிக்கிழமைக்குள் வி5. அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த முதல் ஆள் ஒரே வரி எழுதினார்: வி1-இல் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே?

அவர் கேட்டதைக் கேள்வி என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. கோடை மாற்றி அனுப்பிவிட்டேன், அதுவே பதில் என்று இருந்துவிட்டேன். அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரே தலைப்பில் ஐந்து கட்டு மெயில். எதில் எது மாறியது என்று தெரியாது. தான் சொன்னதை ஏற்றேனா, மறந்தேனா, வேண்டாமென்று விட்டேனா என்பதும் தெரியாது. அவரிடம் அன்றைக்கு இன்னும் நூறு பேட்ச் இருந்திருக்கும். எதைத் தள்ளிவைப்பார்? என்னுடையதைத்தான்.

இப்போது நான் வி2 அனுப்பும் விதத்தை எழுதுகிறேன். கெர்னலை வைத்துச் சொல்கிறேன். மற்ற திட்டங்களில் வழக்கம் மாறும் இடம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை, சும்மா இருப்பது. கருத்து வந்த அன்றே கோடைத் திருத்துங்கள், தப்பில்லை. அனுப்பாதீர்கள். நெட்வொர்க்கிங் பகுதியில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம் போக வேண்டும். உலகம் ஒரு சுற்றுச் சுற்றி எல்லா நாட்டுக்காரரும் ஒருமுறை மெயிலைத் திறந்து பார்ப்பதற்கான நேரம் அது. என் கணக்கு இன்னும் தாராளமானது. தனி பேட்ச் என்றால் மூன்று நாள், பல பேட்ச் சேர்ந்த சீரிஸ் என்றால் ஒரு வாரம். டிரைவர் பெரிதாக இருந்தால் அதற்கு மேலும். யாருமே பதில் போடவில்லை என்றாலும் ஒரு வாரத்துக்கு முன்னால் நினைவூட்டவோ திரும்ப அனுப்பவோ வேண்டாம் என்பது கெர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது.

காலண்டரையும் பாருங்கள். ஒரு கெர்னல் பதிப்பு வெளியானதும் சுமார் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ. மெயின்டெய்னர்கள் தாங்கள் சேர்த்துவைத்ததை லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பவரிடம் போய் அடுத்த மாத வளைகாப்புக்கு மெனு கேட்பது மாதிரி, அப்போது புது அம்சத்தைக் கொண்டுபோய் நீட்டக் கூடாது. நெட்வொர்க்கிங்கில் புது அம்சங்களைச் சேர்த்துவைக்கும் நெட்-நெக்ஸ்ட் அந்த இரண்டு வாரமும் மூடியே இருக்கும். ஆர்சி1 (அடுத்த பதிப்பின் முதல் சோதனை வெளியீடு) வந்த பிறகு அனுப்புங்கள்.

அடுத்தது, காத்திருக்கும் நாட்களில் செய்யவேண்டியது. வந்த ஒவ்வொரு கருத்துக்கும் மெயிலிலேயே பதில் எழுதவேண்டும், வி2-க்கு முன்பே. நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் குறை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்த் திருத்திக்கொண்டு வருவதுதான் நமக்கு மரியாதை. எதிர்த்துப் பேசக் கூடாது, விளக்கம் கொடுத்தால் வாயாடுவதாக ஆகிவிடும். மெயிலில் இந்த மரியாதை கண்ணுக்குத் தெரியாது. அங்கே மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: இந்த ஆள் நான் எழுதியதைப் படிக்கவில்லை.

என் டிரைவரில் சென்சாரை எழுப்பியதும் 50 மில்லிசெகண்ட் தூங்கும் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே ஒருவர், ஏன் 50 என்று மட்டும் கேட்டிருந்தார். வி3-இல் நான் பயந்துபோய் அதை 100 ஆக்கினேன்! அவருக்கு வேண்டியது பெரிய எண் இல்லை, காரணம். டேட்டாஷீட்டில் ஒரு அளவீடு முடிய அதிகபட்சம் 43 மில்லிசெகண்ட் என்று போட்டிருந்தது, அதனால்தான் 50 வைத்தேன். இதை அன்றைக்கே ஒரு வரியில் எழுதியிருந்தால், சரி, இதையே கோடில் கமென்ட்டாகப் போட்டுவிடு என்று சொல்லியிருப்பார். கடைசியில் வி6-இல் நடந்ததும் அதுதான்.

ஒப்புக்கொள்ளாத கருத்துக்கும் பதில் உண்டு. ரெஜிஸ்டர்களைப் படிக்க ரெக்மேப் (கெர்னலில் அதற்கென்றே இருக்கும் பொது வசதி) பயன்படுத்தலாமே என்றார் இன்னொருவர். என் சிப்பில் மூன்றே ரெஜிஸ்டர், அதில் ஒன்று 8 பிட், மற்றவை 16 பிட். ரெக்மேப்பில் எல்லா ரெஜிஸ்டரும் ஒரே அகலம் என்று சொல்லித்தான் தொடங்கவேண்டும், அதைச் சுற்றி வளைக்க நான் எழுதவேண்டிய கோடு இப்போதிருப்பதைவிட நீளமாகும். இதை நாலு வரியில் சொன்னேன். ஒத்துக்கொண்டார். காரணத்தை கமிட் மெசேஜில் (பேட்சோடு போகும் விளக்கத்தில்) எழுது என்றார், அவ்வளவுதான். சண்டை எதுவும் வரவில்லை. நான் எதிர்பார்த்துப் பயந்த அளவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

பதில் எழுதும்போது அவர் எழுதிய வரிக்கு நேர் கீழே எழுதுங்கள், தேவையில்லாத மீதியை வெட்டிவிடுங்கள். 600 வரி பேட்சை அப்படியே விட்டுவிட்டு மேலே ‘சரி, திருத்துகிறேன்’ என்று போட்டால் அந்த இரண்டு வார்த்தை எதற்குப் பதில் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். முதல் பெயரைச் சொல்லி அழையுங்கள். அறுபது வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கை நடுங்கியது உண்மை. எதிர்முனையில் இருப்பது பெண்ணாகவும் இருக்கலாம் என்று ஒருநாள் உறைத்தது, சார் தானாகப் போய்விட்டது.

இனி கிட் வேலை, அதாவது கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவியில் செய்யவேண்டியது. புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு, மூன்று பேட்ச் சீரிஸின் முடிவில் நான்காவதாக ‘ரிவ்யூ கருத்துகளைச் சரிசெய்தல்’ என்று ஒரு பேட்சை ஒட்டுவது. புல் ரிக்வெஸ்ட் பழகிய கைக்கு அது இயல்பாக வரும். இங்கே பேட்ச் அப்படியே கெர்னலின் வரலாற்றில் போய் உட்காரப் போகிறது. அதில் தப்பும் திருத்தமும் தனித்தனியே இருக்கக் கூடாது. டிரைவர் பேட்சில் குறை என்றால் டிரைவர் பேட்சுக்குள்ளேயே திருத்தம் போகவேண்டும். இதற்கு கமிட் கட்டளையின் ஃபிக்ஸ்அப் விருப்பத்தில் எந்த கமிட்டைத் திருத்துகிறோம் என்று சொல்லி ஒரு குட்டி கமிட் போட்டுக்கொண்டே போவேன். கடைசியில் ரீபேஸை (கமிட்களை மறுபடி அடுக்கும் கட்டளை) ஆட்டோஸ்குவாஷோடு ஓட்டினால் ஒவ்வொன்றும் தன் தாய் கமிட்டோடு சேர்ந்துவிடும். அதே ரீபேஸில் எக்ஸெக் கொடுத்து ஒவ்வொரு பேட்சுக்கும் பிறகு மேக் ஓடும்படி செய்யுங்கள். மூன்றும் சேர்ந்தால் பில்ட் ஆகிறது, இரண்டோடு நின்றால் உடைகிறது என்றால், பின்னாளில் பைசெக்ட் செய்து (வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்து) வேறொரு பிழையைத் தேடுபவன் உங்கள் இரண்டாவது பேட்சில் மாட்டிக்கொண்டு திட்டுவான்.

இன்டெலின் கெர்னல் டெஸ்ட் ரோபாட் உங்கள் வி1-ஐ எடுத்து ஏதோ ஒரு ஆர்க்கிடெக்சரில் பில்ட் செய்து, எச்சரிக்கை வருகிறது என்று மெயில் அனுப்பும். அதன் கீழே ரிப்போர்டட்-பை டேக் ஒன்று, அதாவது பிழையைச் சொன்னது யார் என்ற வரி, தயாராக இருக்கும். உடனே அதை வி2-இல் ஒட்டாதீர்கள். அந்த டேக் தனி பேட்சாகத் திருத்தும்போது போடுவது என்று அதே மெயிலில் எழுதியிருக்கிறது. நான் ஒட்டினேன். இந்த டிரைவர் இல்லை என்று ரோபாட் புகார் கொடுத்ததா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

டேக் பற்றிப் பேசும்போது இன்னொன்று. வி1-இல் யாராவது உங்கள் பைண்டிங் பேட்சுக்கு ரிவ்யூட்-பை (படித்துப் பார்த்தேன், சரி என்று சொல்லும் டேக்) கொடுத்திருந்தால், அதை வி2-இன் அந்த பேட்சில் நீங்கள்தான் எடுத்து எழுதவேண்டும். உங்களுக்காக யாரும் பழைய மெயில்களைக் கிளறிக்கொண்டிருக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் அவர் அதே பேட்சை மறுபடி முழுதாகப் படிக்க நேரும். இதைவிட ஒருவரின் நேரத்தை வீணடிக்கும் வழி எனக்குத் தெரியாது. பி4 என்ற கருவியில் ட்ரெய்லர்ஸ் என்று ஒரு துணைக்கட்டளை இருக்கிறது, அது மெயில் காப்பகத்திலிருந்து எல்லா டேக்கையும் இறக்கி உங்கள் கமிட்களில் சேர்த்துவிடும். நான் கையால் எழுதுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

டேக் கொடுத்த பிறகு அந்த பேட்சைப் பெரிதாக மாற்றிவிட்டீர்களா? அப்போது டேகை எடுத்துவிட்டு, எடுத்ததையும் ஏன் என்பதையும் சேஞ்ச்லாகில் (எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற பட்டியலில்) சொல்லுங்கள். ஒரு எழுத்துப்பிழை திருத்தம் என்றால் வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பதற்கு ஒரே வழி, அவரிடமே கேட்பது. ‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினார் என்பதற்காக நீங்களாக அதை ரிவ்யூட்-பை ஆக்கிவிடாதீர்கள். அது அவருடைய கையெழுத்து.

தலைப்பு வரியில் வி2 என்று கையால் தட்டவேண்டாம். ஃபார்மட்-பேட்ச் கட்டளைக்கு மைனஸ் வி2 என்பதோடு கவர் லெட்டர் (சீரிஸை அறிமுகப்படுத்தும் முதல் மெயில், எண் 0) விருப்பத்தையும் கொடுத்தால் [பேட்ச் வி2 0/3] முதல் [பேட்ச் வி2 3/3] வரை அதுவே போட்டுக்கொள்ளும். மாறியது இரண்டாவது பேட்ச் மட்டும் என்றாலும் சீரிஸ் முழுவதையும் அனுப்புங்கள். இரண்டாவதை மட்டும் தனியே அனுப்பினால் வி1-இன் 1, வி2-இன் 2, வி1-இன் 3 என்று பொறுக்கிச் சேர்க்கும் வேலை மெயின்டெய்னருக்கு. தலைப்பு மாறினாலும், நடுவில் ஒரு பேட்ச் கழன்றுபோனாலும் எண் முன்னோக்கியே போகவேண்டும், மறுபடி வி1 ஆகக் கூடாது. எழுத்துகூட மாறாமல் திரும்ப அனுப்பினால் மட்டும் ரீசெண்ட். ஒரு கமா மாறினாலும் அது அடுத்த எண்தான்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். பேட்ச் மெயிலில் கமிட் மெசேஜும் சைன்டு-ஆஃப்-பையும் முடிந்ததும் --- என்று மூன்று கோடு வரும். அதற்குக் கீழே, டிஃப் (மாறிய கோடு வரிகள்) தொடங்குவதற்கு முன்னால், நீங்கள் எழுதுவது எதுவும் கெர்னலின் வரலாற்றில் போகாது. கிட் அதைத் தூக்கி எறிந்துவிடும். ரிவ்யூ செய்பவரோடு தனியாக நாலு வார்த்தை பேசக் கிடைத்த திண்ணை அது. சேஞ்ச்லாக் அங்கேதான் வரவேண்டும். சீரிஸ் என்றால் கவர் லெட்டரிலும் எழுதலாம். நான் இரண்டிலும் எழுதுகிறேன், சுருக்கம் கவர் லெட்டரில், விவரம் அந்தந்த பேட்சில்.

என் வி2-இல் இருந்தது இவ்வளவுதான்:

வி2: ரிவ்யூ கருத்துகள் சரிசெய்யப்பட்டன.

இது ‘மேற்படி விஷயம் கவனிக்கப்பட்டது’ என்று அரசாங்கக் கடிதம் வருவது மாதிரி. என்ன கருத்து, யார் சொன்னது, எங்கே சரி செய்தேன்? எதுவும் இல்லை. வி6-இன் டிரைவர் பேட்சில் நான் எழுதியது (ஆங்கிலத்தில்தான், சாரத்தைத் தமிழில் தருகிறேன்):

வி6-இல் மாறியவை:
- 50 மி.செ. காத்திருப்புக்கு டேட்டாஷீட் காரணத்தைக் கமென்ட்டாகச் சேர்த்தேன். மதிப்பு வி1-இல் இருந்தபடியே திரும்ப 50
- ப்ரோப் (டிரைவர் சிப்பைத் தொடங்கும் ஃபங்ஷன்) தோல்வியில் மின்சாரம் தரும் ரெகுலேட்டர் அணைக்கப்படாமல் இருந்தது. தானாக அணைத்துவிடும் டெவ்-எம் வகைக்கு மாற்றினேன்
- ரெக்மேப்புக்கு மாறவில்லை. காரணம் கமிட் மெசேஜில்
- மற்ற மாற்றம் இல்லை

வி5-இல் மாறியவை:
- பைண்டிங்கில் மட்டும். இந்த பேட்சில் மாற்றம் இல்லை

கருத்துச் சொன்னவர் பெயரையும் அந்தந்த வரியின் முடிவில் போட்டிருந்தேன். அவரவர் தங்கள் வரியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம். ‘மாறவில்லை’ என்ற வரியையும் கவனியுங்கள். செய்யாமல் விட்டதைச் சொல்லுவதுதான் செய்ததைச் சொல்லுவதைவிட உதவியாக இருக்கிறது. பழைய பதிப்புகளின் பட்டியலையும் அழிக்காதீர்கள், புதியது மேலே, பழையது கீழே. வி3-ஐப் பார்க்காமல் வி2-இலிருந்து நேராக வி6-க்கு வருபவர்கள் உண்டு.

ஸ்டேஜிங் (இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் இருக்கும் பகுதி) பக்கம் அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், --- கோட்டுக்குக் கீழே ஒன்றும் எழுதாமல் வி2 அனுப்பினால் மனிதர் யாரும் வருவதற்கு முன்னால் ஒரு பாட் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போகும். திட்டு வாங்குவதில் பாட்டிடம் வாங்குவது பரவாயில்லை.

அனுப்புவதற்கு முன் ரேஞ்ச்-டிஃப் ஓட்டுங்கள். கிட் 2.19 முதல், அதாவது 2018 முதல் இருக்கிறது. பழைய சீரிஸையும் புதிய சீரிஸையும் கொடுத்தால் பேட்சுக்குப் பேட்ச் என்ன மாறியது என்று காட்டும். டிஃபின் டிஃப் என்பதால் முதலில் பார்க்கும்போது தலை சுற்றும், பழகிவிடும். ஃபார்மட்-பேட்ச் அதைக் கவர் லெட்டரிலேயே சேர்த்துத் தரும். பிறருக்காக என்பதைவிட எனக்காகவே இதை ஓட்டுகிறேன். வி6 அனுப்பப் போகும் நேரத்தில் அதில் ஒரு பச்சை வரி கண்ணில் பட்டது. ப்ரோப் ஃபங்ஷன் நடுவில் ஒரு பிரின்ட், உள்ளே ‘இங்க வந்தாச்சு’ என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் முன்பு பிழை தேடியபோது போட்டது. பேட்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் அதைப் பிடிக்கவில்லை, அதற்குத் தமிழ் தெரியாதே. சேஞ்ச்லாகில் நான் சொல்லாத மாற்றம் எதுவும் ரேஞ்ச்-டிஃபில் இருக்கக் கூடாது என்பது அன்று முதல் என் சோதனை.

செக்பேட்சையும் ஓட்டுங்கள், பைண்டிங் இருந்தால் அதற்கான செக்கையும். பிறகு சீரிஸை முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலை கிட் ஏஎம் கொண்டு வெற்று பிராஞ்சில் ஏற்றிப் பாருங்கள். ஜிமெயிலின் வலைப்பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிவிடும், நீள வரிகள் மடிந்துவிடும், பேட்ச் ஏறாது. சென்ட்-இமெயில் அல்லது பி4 போதும். அலுவலக முகவரியிலிருந்து அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில கம்பெனி சர்வர்கள் ‘இந்த மெயில் ரகசியமானது’ என்ற வாலைத் தானாக ஒட்டிவிடும். ரகசியம் என்று எழுதியதைப் பொதுக் கெர்னலில் எப்படிச் சேர்ப்பது? எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யாருக்கு அனுப்புவது? கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் தருபவர்களோடு, முந்தைய பதிப்பில் கருத்துச் சொன்ன ஒவ்வொருவரும். இந்த இரண்டாவது கூட்டத்தை ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. நீங்கள்தான் சேர்க்கவேண்டும்.

புதிய சீரிஸைப் பழைய த்ரெட்டுக்குப் பதிலாக அனுப்புவதா, தனியாகவா? இங்கேதான் வழக்கம் பிரிகிறது. பல பேட்ச் கொண்ட சீரிஸுக்குக் கெர்னலில் தனி த்ரெட்தான், கவர் லெட்டரில் பழைய பதிப்பின் லோர் (கெர்னல் மெயில் காப்பகம்) இணைப்பைக் கொடுத்தால் போதும். வி8 வரை ஒரே த்ரெட்டில் தொங்கினால் மெயில் திரையின் வலது ஓரத்தில் போய் முட்டும். கிட் திட்டத்துக்கே பேட்ச் அனுப்புகிறீர்களா, அங்கே தலைகீழ்: வி2-ஐ வி1-இன் கவர் லெட்டருக்குப் பதிலாகத்தான் அனுப்பச் சொல்லுகிறார்கள். நுழையும் வீட்டில் செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியாயிற்று, பதிலே இல்லை. இரண்டு மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால் உங்கள் கவர் லெட்டருக்குக் கீழேயே ஒரு வரி கேளுங்கள். ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்ற சொல்லை நம் ஆபீஸ்களோடு விட்டுவிடுங்கள், கேட்பவருக்கு அதில் மென்மை எதுவும் தெரியாது. பைண்டிங்குக்கு ரிவ்யூ வந்துவிட்டது, டிரைவருக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லுவது அவருக்கும் சுலபம். காத்திருக்கும் நேரத்தில் அதே பகுதியில் வேறு யாருடைய பேட்சையாவது படித்துக் கருத்து எழுதுங்கள். வரிசை நகர அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

என் சீரிஸ் வி6-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘அப்ளைடு, தேங்க்ஸ்’ என்று வந்த மெயிலை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே கோடைத் திரும்பப் படித்தால், நான் அத்தனை பாடுபட்டுச் சேர்த்த அந்த 50 மில்லிசெகண்ட் கமென்ட்டில் ஒரு எழுத்துப்பிழை. கை உடனே வி7-க்குப் போனது. நிறுத்திக்கொண்டேன். ஒருமுறை மெயின்டெய்னரின் மரத்தில் (அவருடைய கிட் களஞ்சியத்தில்) ஏறிவிட்டால் அந்த சீரிஸுக்கு அடுத்த எண் கிடையாது. அவர் எடுத்துக்கொண்டதன் மேல் தனி பேட்சாகத்தான் அனுப்பவேண்டும். உண்மையான பிழை என்றால் எந்த கமிட்டைத் திருத்துகிறது என்று ஃபிக்ஸஸ் டேக்கில் குறைந்தது 12 எழுத்து அடையாளத்தோடு சொல்லவேண்டும். எழுத்துப்பிழைக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஒரே வரி மாற்றம். நிதானமாக எழுதி, எனக்கே அனுப்பிப் பார்த்து, அப்புறம் அனுப்பினேன். எழுத்துப்பிழையைத் திருத்தும் அந்த பேட்சின் தலைப்பிலேயே ஒரு எழுத்துப்பிழை. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து வி2 அனுப்பினேன், --- கோட்டுக்குக் கீழே ஒரு வரியோடு: தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தப்பட்டது, மற்ற மாற்றம் இல்லை.